ஜாதகம் ஏட்டும் எஸ்.பி. பலனும்

தமிழ்நாட்டில் எஸ்.பி.க்களை நியமிப்பது அரசாங்கம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அது பாதிதான் உண்மை. அரசாங்கம் ஆளை அனுப்பும், அவ்வளவுதான். வருகிறவர் எந்த ஊர், அப்பாவுக்கு என்ன வேலை, என்ன படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார், முதல் போஸ்டிங்கில் யாரைக் கடித்தார், யாரைக் கடிக்காமல் விட்டார் என்பதையெல்லாம் சேர்த்து அவரை ஒரு முழு எஸ்.பி.யாக எங்களுக்கு ஆக்கிக் கொடுத்தவர் ஜாதகம் ஏட்டு. அவர் வாயைத் திறந்து பலன் சொல்லும்வரை எந்த அதிகாரியும் எங்கள் சப்-டிவிஷனில் பொறுப்பேற்றதாக நாங்கள் ஒப்புக்கொண்டதில்லை.

நான் திருத்தணிப் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் பெண் காவலர். ஸ்டேஷன் பெயர் வேண்டாம், என் பெயரும் வேண்டாம். போட்டால் இந்தக் கட்டுரைக்குச் சன்மானம் வருவதற்கு முன்னால் மெமோ வரும். போலீஸ்காரிக்கு எழுத நேரம் ஏது என்று கேட்பீர்கள். பந்தோபஸ்தில் நிற்கிறவளுக்கு நேரத்தைத் தவிர வேறு என்ன சொத்து இருக்கிறது? மாதா மாதம் கிருத்திகை, ஆடி மாதம் பெரிய கிருத்திகை, வருஷப் பிறப்புக்குப் படித் திருவிழா, நடுவில் திடீர் திடீரென்று தரிசனத்துக்கு வரும் பெரிய மனிதர்கள். முருகனுக்கு முகம் ஆறு. ஆறுக்கும் பந்தோபஸ்து நாங்கள்தான். கால் கடுக்கிறபோதெல்லாம் மனதுக்குள் ஒரு பத்தி எழுதிக்கொள்வேன். அப்படிப் பார்த்தால் நான் எழுதியிருக்க வேண்டியது ஒரு நூலகம்.

ஜாதகம் ஏட்டு உண்மையில் ஏட்டே இல்லை. எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு உதவி ஆய்வாளர், ஆகித் தோளில் நட்சத்திரம் ஏறிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் ஊர் ஒருமுறை ஏட்டு என்று கூப்பிட்டுவிட்டால் அதற்கு மேல் பிரமோஷன் கிடையாது. ஒட்டடைக் குச்சி போல உயரம். தொப்பி மட்டும் கொஞ்சம் பெரிசு, காற்றடித்தால் அவர் ஒரு பக்கம் பார்ப்பார், தொப்பி ஒரு பக்கம் பார்க்கும்.

டிரான்ஸ்பர் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்ததும் மாவட்டமே அவருக்குப் போன் போடும். அவர் எடுக்கமாட்டார். ஸ்டேஷன் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வரப்போகிற அதிகாரி முன்பு இருந்த ஊரின் டிரைவருக்கு ஒரு போன், கேம்ப் ஆபீஸ் சமையல்காரருக்கு ஒரு போன், பங்களாவில் நாய் குளிப்பாட்டிய காவலருக்கு ஒரு போன். "இரும்மா, கட்டம் போட்டுக்கினு இருக்கறேன்" என்பார். இரண்டாவது டீ முடியும்போது பலன் வெளியாகும்.

அவரிடம் ஒரே ஒரு சித்தாந்தம்தான் இருந்தது.

"மனுசன் போலீசு ஆவறதுக்கு முந்தி இன்னாவா இருந்தானோ, கடைசி மட்டும் அதுவாத்தாம்மா இருப்பான். காக்கி மேல அடிச்ச பெயின்ட்டு. ஒரு மழைக்குப் பூடும்."

முதலில் அக்ரி படித்த எஸ்.பி. வந்தார். "பி.எஸ்சி. அக்ரி. அப்பாவுக்கு டெல்டால நெலம். அவுரு லாக்கப்ப பாக்கமாட்டாரு, கேஸ் டைரிய பாக்கமாட்டாரு, செடிய பாப்பாரு" என்று பலன் வந்தது. எங்கள் ஸ்டேஷனில் இருந்த ஒரே பசுமை, விபத்தில் நசுங்கி வந்த ஷேர் ஆட்டோவின் மேல் படர்ந்த கொடி. இன்ஸ்பெக்டர் அலறினார். ஒரே ராத்திரியில் கனகம்மாசத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வண்டி கத்தரிச் செடி வந்து இறங்கியது. வேரோடு பிடுங்கப் பொறுமையில்லாமல் அரிவாளால் அறுத்து எடுத்து வந்திருந்தார்கள். மண்ணில் குத்தி வைத்துத் தண்ணீர் தெளித்தோம். காலையில் பார்த்தால் காயும் பூவுமாக நின்றது.

எஸ்.பி. வந்தார். பலன் பலித்தது, நேராகச் செடிக்குத்தான் போனார். குனிந்து ஒன்றை லேசாக இழுத்தார். கையோடு வந்தது.

"வேர் எங்க?"

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு ஓர் அடி முன்னால் வந்து சல்யூட் அடித்தார். "பதியம்ங்கய்யா."

"கத்தரியில யாருய்யா பதியம் போடுவாங்க? அதுவும் காயோட?"

"முருகன் அருளுங்கய்யா."

எஸ்.பி. சிரிக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் அந்தத் தோட்டத்தின் போட்டோ தனக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மாறிப்போகும்வரை நாங்கள் கத்தரிக்காய் பயிரிட்டோம். தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்காதீர்கள். ஸ்டேஷனில் குடம் என்றால் எல்லாரும் பெண் காவலரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்புறம் எம்.பி.பி.எஸ். படித்த டி.ஐ.ஜி. வந்தார். ஏட்டு இம்முறை உறுதியாக இருந்தார்: "டாக்டருக்கு யார் மேல வேணா கோவம் வரும்மா, பேஷன்ட்டு மேல மட்டும் வராது. அவுரு கேக்கறப்ப ஆளுக்கு ஒரு நோவு சொல்லிடுங்க." அணிவகுப்பில் நின்றவர்கள் வரிசையாகச் சொன்னார்கள். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு முதுகு, ஒருவருக்கு நின்றால் தலை சுற்றல், உட்கார்ந்தால் சரியாகிவிடும். ஸ்டேஷன் ரைட்டர் யோசித்து வைக்காததால், "எனக்கு எல்லாமேதாங்கய்யா" என்றார். டி.ஐ.ஜி. பொறுமையாக நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கடைசியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மருந்து எழுதினார். காலையும் மாலையும் மலைப்படியில் ரோந்து, தொப்பை கரையும்வரை.

அந்த ரோந்தில்தான் ஏட்டின் இன்னொரு கிறுக்கு எனக்குத் தெரிந்தது. அவர் வெறுங்கையோடு படியேறமாட்டார். என் பையைப் பிடுங்கிக்கொள்வார், இன்னொருத்தியின் தண்ணீர் கேனை வாங்கிக்கொள்வார், ரைட்டரின் லத்தியையும் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். யாரிடமும் எதுவும் இல்லையென்றால் வழியில் போகிற பக்தர் யாருடைய தேங்காய்ப் பையாவது கிடைக்கும்.

"உங்களுக்கு எதுக்கு ஏட்டய்யா இந்த வேலை?" என்று கேட்டால், "கையில வெயிட்டு இல்லன்னா எனக்கு பேலன்ஸ் வராதும்மா" என்பார். கேட்டதற்கு எதையாவது சொல்லி வைக்கிறார் என்று விட்டுவிட்டேன். மூச்சு வாங்குகிற நேரத்தில் யாரையும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

ஒரு ஐ.ஜி. வந்தார், அவருடைய அப்பா கான்ஸ்டபிள். "நம்ம சாதி, நம்ம கஷ்டம் தெரிஞ்சவரு, பயமே வேணாம்" என்று பலன். ஐ.ஜி. உள்ளே வந்தார், எந்த ரிக்கார்டையும் கேட்கவில்லை, நேரே பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு தலையணையை உருவினார்.

"எங்கப்பாவும் இங்கதான் வெப்பாரு" என்றார். "இது யாரோடது?"

"கேஸ் ப்ராபர்ட்டிங்கய்யா" என்றார் ஏட்டு, தன் தலையணையைப் பார்த்தபடி.

"அப்படியா? உறையெல்லாம் துவைச்சு மாட்டியிருக்கு?"

இப்படியாக, அவர் சொன்ன பூர்வீகம் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை, சொன்ன பலன் ஒன்றுகூட எங்களுக்கு நன்மை செய்ததில்லை. ஆனாலும் அடுத்த பட்டியல் வந்ததும் அதே டீக்கடை, அதே பெஞ்சு, "ஏட்டய்யா, இவர் எப்படி?" என்று அதே கேள்வி. வருகிறவர் யாராக இருந்தாலும் நாம் நிற்கத்தான் போகிறோம். எதற்காக நிற்கிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல ஒருவர் இருந்தால் கொஞ்சம் ஆறுதல்.

எனக்கு அந்த ஆறுதல் தேவைப்பட்ட நேரம் வந்தது. என் மகளுக்கு அப்போது ஒரு வயது முடிந்திருந்தது. என் கணவர் அரக்கோணத்தில் ரயில்வே டிராக்மேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்கள் குடும்பம் நடந்ததே பிளாட்பாரத்தில்தான். ராத்திரி வேலை முடிந்து அவர் தண்டவாளத்திலிருந்து நேராக வருவார், நான் திருத்தணி வண்டியைப் பிடிக்கக் குழந்தையோடு நிற்பேன். வண்டி வருவதற்குள் குழந்தை கைமாறும். சாயங்காலம் நான் இறங்க, அவர் வேலைக்குக் கிளம்ப, மறுபடி கைமாறும். ஆர்.கே.பேட்டையில் அம்மா இருக்கிறாள், ஆனால் அவளுக்குத் தறி ஓடினால்தான் அடுப்பு எரியும். ஆக, எங்கள் இருவரையும் விட்டால் குழந்தைக்கு அந்தப் பிளாட்பாரம்தான்.

அந்த நேரத்தில் எனக்கு மாறுதல் உத்தரவு வந்தது. கும்மிடிப்பூண்டியும் தாண்டி ஒரு ஸ்டேஷன். நான் இருப்பது மாவட்டத்தின் மேற்கு மூலை, ஆந்திரா எல்லை. போகச் சொன்னது கிழக்கு மூலை, அதுவும் ஆந்திரா எல்லை. மாவட்டம் என்னை இந்த ஓரத்தில் எடுத்து அந்த ஓரத்தில் வைத்தது. உத்தரவு போட்ட எஸ்.பி. தானும் மாறிப் போய்விட்டார். புதிதாக வந்தது ஒரு பெண் எஸ்.பி. அவர் முன்னால் ஓ.ஆரில் ஆஜராகி முறையிட வேண்டும். ஓ.ஆர். என்பது ஆர்டர்லி ரூம். அதிகாரி உட்கார்ந்திருப்பார், நாம் தொப்பியோடு நின்று குறையைச் சொல்லலாம், நிமிஷத்தில் முடிவு வந்துவிடும். அந்த உத்தரவு ரத்தானால் எனக்கு வேலை இருக்கும். ரத்தாகாவிட்டால் வேலையை விடுவதா, குழந்தையை ஊருக்கு அனுப்புவதா என்று நானும் கணவரும் பேசாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

ஏட்டு மூன்று டீ குடித்தார்.

"அடிச்சது லக்கு! இந்தம்மா ரயில்வே வூட்டுப் பொண்ணும்மா. அப்பா கேங்மேன். தண்டவாளத்துப் பக்கத்துலயே பொறந்து வளந்தது. உன் வூட்டுக்காரரும் அதே. நீ உள்ள போயி கொழந்த, பாலு, ஜொரம்னு அழுவாத. பொம்பளைங்கன்னா அதான் சொல்வாங்கன்னு அந்தம்மாவுக்கே சலிச்சிப் போயிருக்கும். ரயில சொல்லு. எத்தினி வண்டி மாறணும், கனெக்சன் இல்ல, பூட முடியாது, அப்படி சொல்லு. ரயில் பேர கேட்டா மனசு எளகிடும்."

"நிச்சயமா சொல்றீங்களா ஏட்டய்யா?"

"ஆங்! எம் பலன் எப்பனா தப்பியிருக்குதா?"

எனக்குக் கத்தரிச் செடி ஞாபகம் வந்தது. ஆனால் மூன்று நாளாகத் தூங்காதவளுக்கு யார் சொன்னாலும் வேதவாக்குதான்.

துணைக்கு அவரே வந்தார். எஸ்.பி. அலுவலக வராந்தாவில் என் பையை அவர் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பெயரைக் கூப்பிட்டதும் அவரும் எழுந்து, கதவோரம் வந்து நின்றுகொண்டார்.

நான் சல்யூட் அடித்து ரயிலைச் சொன்னேன். அரக்கோணத்தில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்திருந்து, அதற்கு மேல் பஸ் பிடித்து, ரோல்காலுக்குப் போய்ச் சேர முடியாது என்றேன்.

எஸ்.பி. தலையை நிமிர்த்தினார். முகம் மலர்ந்தது. மனம் இளகுகிறது என்று நினைத்தேன்.

"சென்ட்ரல் வரைக்கும் ஏன் போறீங்க? பேசின் பிரிட்ஜ்லயே இறங்கிடுங்க. அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி வண்டி வரும். விடியற்காலை முதல் லோக்கல் பிடிச்சீங்கன்னா நடுவுல டீ குடிக்கக்கூட நேரம் இருக்கு. நான் காலேஜுக்கு இதைவிட மோசமான கனெக்‌ஷன்ல போயிருக்கேன். லேடீஸ் பெட்டி எங்க நிக்கும்னு சொல்லட்டுமா?"

ரயில்வே டைம்டேபிளோடு யார் வாதாட முடியும்?

"அங்க ஆள் பத்தலை. போய் ஜாயின் பண்ணுங்க" என்று அடுத்த தாளை எடுத்தார்.

முடிந்தது. சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினேன். அப்போது கதவோரத்தில் பூட்ஸ் சத்தம்.

"அம்மா, ஒரு நிமிசம். இதுக்கு ஒரு வயசுல கொழந்த கீதும்மா. இதும் இது வூட்டுக்காரரும் அரக்கோணம் பிளாட்பாரத்துல நின்னு கொழந்தைய கை மாத்திக்கினு வேலைக்கு ஓடறாங்க. வேற ஆளு கெடையாது. அத சொல்லாத, ரயில சொல்லுன்னு சொன்னது நான்தாம்மா. தப்பு என்து."

எஸ்.பி. அவரை மேலும் கீழும் பார்த்தார். சட்டையில் இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார். அவருக்கு ஒரு பெயர் இருப்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது.

"நீங்கதானா அது? எங்கப்பா கேங்மேன்னு நான் சார்ஜ் எடுக்கறதுக்கு முன்னாடியே ஸ்டேஷன் ஸ்டேஷனா சொன்னவர்?"

என்னோடு சேர்ந்து இவரும் போனார் என்று நினைத்தேன்.

"ஆங்... ஆமாங்கம்மா."

"எல்லாருடைய சர்வீஸும் உங்களுக்கு அத்துப்படி. சரி, உங்க சர்வீஸைச் சொல்லுங்க. எங்கெங்க வேலை பாத்தீங்க?"

எந்த அதிகாரியைக் கேட்டாலும் பிறந்த ஊரிலிருந்து ஆரம்பித்து மூச்சு விடாமல் ஒப்பிக்கிற ஏட்டு, தொப்பிக்குக் கீழே வேர்த்து நின்றார்.

"நின்னுகினு இருந்தேம்மா."

"என்னது?"

"கிருத்திகைக்கு மலைமேல நின்னேன். எலெக்சனுக்கு பூத்துல நின்னேன். பெரியவங்க வந்தா ரோட்ல நின்னேன். பெருசா சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா."

"போலீஸ்ல சேர்றதுக்கு முன்னாடி?"

அது ஏட்டின் கேள்வி. எத்தனையோ பேரைப் பற்றி அவர் கேட்ட கேள்வி. அவரை நாங்கள் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

"எங்க நைனா மலைமேல மடப்பள்ளிக்கி தண்ணியும் வெறகும் தூக்கிக்கினு ஏறுவாரும்மா. அவருக்கு முடியாமப் போனதும் நான் தூக்கனேன். போலீசு செலக்சன்ல ஓடச் சொன்னாங்க. தோள்ல ஒண்ணும் இல்லாம ஓடறது அதான் மொத தடவ. காத்தா ஓடனேன். எடுத்துக்கினாங்க. அவ்ளோதாம்மா."

எஸ்.பி. பேனாவை மூடினார்.

"குழந்தை விஷயம் சரி. ஆனா அங்க ஓர் ஆள் போயே ஆகணும். இவங்களை எடுத்தா வேற யாரைப் போடறது?"

"நான் போறேம்மா."

யோசிக்கவே இல்லை. மலைப்படியில் என் பையைப் பிடுங்குவாரே, அதே வேகம். ரிட்டயராக அவருக்கு அதிக காலம் இல்லை. பயிற்சிக்குப் போனதைத் தவிர அந்த மலையை விட்டு ஒருநாள்கூட வெளியூரில் தங்காத மனிதர். வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சொல்லவில்லை. எனக்குக் குழந்தை முகம்தான் தெரிந்தது.

எஸ்.பி. கையெழுத்துப் போட்டார். நான் வெளியே வரத் திரும்பியபோது கூப்பிட்டார்.

"கைமாத்தறப்போ மஞ்சள் கோட்டுக்குப் பின்னால நின்னு மாத்துங்க. வண்டி வர்ற நேரத்துல ரொம்ப கிட்ட நிக்காதீங்க."

திரும்பி வரும் ரயிலில் நான் அழுதுகொண்டே வந்தேன். ஏட்டு என் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் படு குஷியாக உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா? சொன்னனா இல்லியா? ரயில்வே வூட்டுப் பொண்ணு. கடைசில மஞ்சக் கோடு சொல்லுச்சே, கவனிச்சியா? ரத்தத்துல கீதும்மா அது!"

"ஏன் ஏட்டய்யா இப்படிப் பண்ணீங்க? அங்க உங்களுக்கு யாரைத் தெரியும்?"

"எம்மா, இந்தப் பக்கம் ஆபீசருங்க ஜாதகம் எல்லாம் பாத்து முடிச்சிட்டேன், ஒரே மாதிரி கீது. அங்க எல்லையத் தாண்டினா ஆந்திரா எஸ்.பி.ங்க. புது சரக்கு! தெலுங்கும் எனக்கு தெரியும். ரெண்டு டீயில கட்டம் போட்ருவேன்" என்றார்.

அப்படித்தான் செய்தார். அங்கே போனபின் அந்தப் பக்கத்து அதிகாரிகளின் பூர்வீகமெல்லாம் குரல்பதிவாக எனக்கு வந்துகொண்டிருக்கும். எனக்கு அவர்களால் ஒரு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆனாலும் குழந்தை தூங்கியதும் காதில் வைத்துக் கடைசிவரை கேட்பேன். பேச்சின் முடிவில், "பாப்பா சாப்டாளா? மஞ்சக் கோடு ஞாபகம் கீதா?" என்று வரும். அங்கேயே ரிட்டயர் ஆனார். வழியனுப்பு விழாவுக்குக்கூட எனக்குப் பந்தோபஸ்து, போக முடியவில்லை. இப்போதும் பட்டியல் வெளியானால் அவருடைய குரல்பதிவு வந்துவிடும். அவர் பலன் இன்னும் எங்களுக்கு நன்மை செய்யவில்லை. நாங்களும் இன்னும் கேட்பதை நிறுத்தவில்லை.

போன ஆடிக் கிருத்திகைக்கு விடியலிலேயே மலையேறினோம். காவடிக் கூட்டம், வெயில் ஏறுவதற்குள் வேர்வை. என்னோடு டியூட்டிக்கு வந்த பெண் ஏட்டுக்கு மூட்டுவலி, ஒவ்வொரு படிக்கும் முருகனைக் கூப்பிட்டார். அவர் தோளிலிருந்து பையைக் கழற்றி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"உனக்கே இடுப்பு வலின்னு சொன்னியே, எதுக்கும்மா?" என்றார்.

"கையில வெயிட்டு இல்லன்னா எனக்கு பேலன்ஸ் வராதுக்கா" என்றேன்.